நீல அட்டையின் வேகம்

ஆகுர்டி, புனே
ஞாயிறு மாலை

அன்புள்ள ஷபானாவுக்கு,

ஜான்சி எழுதுகிறேன். ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக் குளிரில் நீயும் உன் மகனும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம். மழை விட்டுவிட்டது, சாலைகளில் பள்ளம்தான் மிச்சம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உன் வாப்பா பேச்சை எடுத்தாலே “சரிடி, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது பார்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நம்முடைய நோர்ட்காமர் இசைக்குழுவின் ஆல்பங்கள் இப்போது இணையத்தில் சுத்தமான ஒலியில் கிடைக்கின்றன என்று உன் மகன் கண்டுபிடித்தானே, நானும் கம்பெனி பஸ்ஸில் போகும்போது நான்கையும் கேட்டுவிட்டேன். நீ சொன்னது சரிதான். நம் கேசட்டுகள் எல்லாமே மெதுவாக ஓடுகின்றன. இத்தனை வருஷம் தப்பான வேகத்தில் கேட்டுவிட்டு, அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறோம்.

காரணமும் தெரிந்துவிட்டது. கோரேகாவ் பார்க் ஆசிரமத்துக்கு வந்த அந்த ஜெர்மன்காரர், கேம்ப் பகுதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த உன் வாப்பாவிடம் டேப் ரெக்கார்டரைச் சரிசெய்துகொண்டு, கூலிக்குப் பதிலாக நான்கு இசைத்தட்டுகளைத் தலையில் கட்டிவிட்டுப் போனார். உன் வாப்பா, என் ரஃபீக் மாமா, அவற்றை நமக்காகக் கேசட்டில் ஏற்றினார். தட்டு ஒரு பக்கம் ஓடும், ஸ்பீக்கருக்கு எதிரே மைக் இருக்கும், முடியும்வரை வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. ஊரார் பெட்டிக்கெல்லாம் புது பெல்ட் போட்ட மனிதர், தன் வீட்டு ரெக்கார்டு பிளேயரின் பெல்ட் தொய்ந்து தட்டு மெதுவாகச் சுற்றியதைக் கவனிக்கவே இல்லை.

ஆகவே, உறை அட்டையைப் பார்த்து நாம் பெயர் வைத்த நான்கு ஆல்பங்களுக்கும் நம் தீர்ப்புகளை மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. கரி அட்டை, அதாவது முதல் ஆல்பம், தூங்கி வழிகிறது என்று ஒதுக்கினோம். சரியான வேகத்தில் அது நன்றாகவே ஓடுகிறது. நான் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முட்டை அட்டையில் டிரம்ஸ் பிரமாதம், ஆனால் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பகுதி அன்றும் இழுவை, இன்றும் இழுவை. சிவப்பு அட்டை உனக்குப் பிடிக்கும் என்பதற்காக நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். புது சிந்தசைசர் வாங்கிய பெருமையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. எந்த வேகத்தில் போட்டாலும் அது தேறாது.

நீல அட்டைக்கு வருகிறேன். அசல் படு சுறுசுறுப்பு. டிவியில் வாஷிங் மெஷின் விளம்பரத்துக்குப் போடலாம். சுருதி மெல்ல ஏறி இறங்கி நம்மை எங்கோ வானத்துக்கு அப்பால் தூக்கிக்கொண்டு போகுமே, அது அந்தக் கலைஞர்கள் செய்ததே இல்லை, தொய்ந்த பெல்ட் செய்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இருந்தாலும் சொல்கிறேன், நம்முடைய நீல அட்டைதான் நல்ல ஆல்பம். அவர்கள் வாசித்தது சுமார்தான்.

நீல அட்டை கேசட்டை ஸ்டுடியோவில் கொடுத்து, வேகத்தைச் சரிசெய்து ஃபைலாக அனுப்பிவிட்டு, கேசட்டைத் தூக்கிப் போடச் சொன்னாய். அதை எடுக்கத்தான் போன ஞாயிறு சர்ச் முடிந்ததும் கோந்த்வாவில் உன் தம்பி வீட்டுக்குப் போனேன். மாமா ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. வலது கை விழுந்தது விழுந்ததுதான். அவருக்கு எதுவும் புரிகிறதா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றாள் உன் தம்பி மனைவி. நீயும் அதையேதான் சொல்கிறாய். ஆளே அடையாளம் தெரியாதவரிடம் வந்து நான் என்ன பேச என்று கேட்டாய். எனக்கு அப்போதே கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று போனில் அசல் நீல அட்டையைப் போட்டேன். மாமா முகத்தைச் சுளித்தார். இடது கையை அப்படியே காற்றில் அழுத்தினார், மெதுவா, மெதுவா என்பது போல. உடனே எழுந்தேன். பழைய டேப் ரெக்கார்டரை இறக்கித் தூசி தட்டி நம் கேசட்டைப் போட்டேன். கை தொடைமேல் இறங்கித் தாளம் போட ஆரம்பித்தது. எங்கும் பிசகவில்லை ஷபானா. அவருக்கு எல்லாம் புரிகிறது.

இன்னும் கேள். பாட்டு முடிந்து முள் கரகரக்கும் இடத்தில், பேட்டரி வீணாகிறது என்று நீ எப்போதும் நிறுத்திவிடுவாய். அன்று நான் நிறுத்தவில்லை. கரகரப்புக்குப் பிறகு மாமாவின் குரல் வருகிறது. மேலப்பாளையம் பேச்சு மாறாத அதே குரல். “ஏ புள்ளைகளா, சாப்பிட வாங்க. இந்தப் பாட்டு எங்கயும் ஓடிப் போயிராது, மெதுவாத்தானே போவுது.” அவ்வளவுதான். தன் குரலைக் கேட்டு மாமா ஒரு பக்க வாயால் சிரித்தார். பிறகு கதவைப் பார்த்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார்.

தட்டுதான் மெதுவாகச் சுற்றியது, மாமா பேசியது நேராக மைக்கில். பாட்டின் வேகத்தைச் சரிசெய்தால் அவர் குரல் கீச்சுக்குரலாகிவிடும். அதனால் ஸ்டுடியோவுக்குக் கொடுக்கப் போவதில்லை. எடுத்து வரவும் முடியவில்லை. நான் கிளம்பும்போது கேசட்டை வெளியே எடுக்கப் பட்டனில் கை வைத்தேன், அவர் இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அதை விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கேசட் கோந்த்வாவில்தான் இருக்கிறது. கேட்க வேண்டுமானால் நீதான் வர வேண்டும். என்ன பேசுவது என்று கவலைப்படாதே, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேள், முடிந்ததும் நிறுத்தாதே. விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். சிவப்பு அட்டையைப் பற்றி வழியெல்லாம் சண்டை போடலாம்.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பாட்டு மெதுவாகப் போனால் போகட்டும். நீ சீக்கிரம் வந்துவிடு.

உன்
ஜான்சி