ஸ்வீடன் போகும் தங்கைக்கு

திருவள்ளூர்
12-8-1975

செல்லக்குட்டிக்கு,

உனக்கு இன்னும் எழுத்து தெரியாது. கூட வரும் சிஸ்டர் இதை வாசித்துக் காட்டுவார்கள்.

விமானம் மேலே ஏறும்போது காது அடைக்கும் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். ஆரஞ்சு மிட்டாயைச் சப்பு, சரியாகிவிடும். வெகுநேரம் உட்கார்ந்தால் கால் வீங்குமாம். புதுச் செருப்பைக் கழற்றிவிடு.

"அக்கா, நீயும் என் பக்கத்துல குந்திக்குவ இல்ல?" என்று கேட்டாய். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவளாச்சும் வயிறாரத் துன்னட்டும்" என்று என்னிடம் சொன்னாள். ஸ்வீடன்காரர்கள் ஒரு குழந்தையைத்தான் தத்து கேட்டிருக்கிறார்கள்.

என் ஜடையைப் பிடித்துக்கொண்டுதான் நீ தூங்குவாய். சிஸ்டருக்கு ஜடை இல்லை. புத்தகத்தில் அதற்கு வழி சொல்லவில்லை. அவர்களுடைய ஜெபமாலையைப் பிடித்துக்கொள்.

விடிந்து இறங்கியதும் ஒரு அம்மா கை நீட்டுவார்கள். என்னைத் தேடாமல் அவர்களிடம் போய்விடு, கண்ணு.

அக்கா