நீ படம் வரைந்த விரிசல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம்; நலம் என்றால் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கம்போல ஊரில் பாதிப் பேர்மேல் கோபம், மற்றபடி குறை இல்லை. நீ நலமா என்று ஒப்புக்குக் கேட்கவில்லை, பதில் வேண்டித்தான் கேட்கிறேன்.

நீ அனுப்பிய சேதியை அம்மா திறந்து, போனை என் மேசைமேல் "மறந்து" வைத்துவிட்டுப் போனாள். மூன்று முறை படித்தேன். உங்கள் அகழாய்வில் காலையில் நூல் கட்டிக் கட்டம் பிரிப்பது, சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்டுவது, சல்லடையில் ஓர் எலும்புப் பொத்தான் கிடைத்ததும் எல்லோரும் கைதட்டியது எல்லாம் படித்தேன். இருநூறு வருடத்துக்கு முன், நீங்கள் தோண்டும் அந்தப் பண்ணை வீட்டில் யார் சட்டையிலிருந்தோ தெறித்த பொத்தான். உன் பெரியப்பாவிடம் அம்மா சொன்னாளாம், "பொத்தான் பொறுக்கவா இவ்வளவு தூரம் அனுப்பினீங்க?" என்றாராம். என் கல்யாணத்தன்றே என் சட்டையைப் பார்த்துச் சிரித்த மனிதர், வேறென்ன கேட்பார். அது கிடக்கட்டும். என் கவலை சேதியோடு நீ அனுப்பிய உன் படம். "தொப்பி அழகா இருக்குல்ல?" என்கிறாள் அம்மா. எனக்குத் தொப்பிதான் தெரிகிறது, அதுவும் தரைமட்டத்துக்குக் கீழே. போன மாதப் படத்தில் குழி உன் இடுப்பளவுதான் இருந்தது. பலகை வைத்து முட்டுக் கொடுத்தால் மண் அடுக்குகள் மறைந்துவிடும், குழியின் சுவரைத் தொட்டாலே பேராசிரியர் திட்டுவார் என்று எழுதியிருக்கிறாய். சரி, அந்தச் சுவர் உங்களுக்குப் புத்தகம். ஆனால் தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவித்து, அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்களே! செவ்வாய்க்கிழமை மழைக்குப் பிறகு சுவரில் ஒரு கோடு புதிதாகத் தெரிந்தது, ஏதோ பழைய அடுக்கு என்று அளந்து, படம் வரைந்து, எண் போட்டு வைத்தோம் என்கிறாய். அம்மாடி, அது அடுக்கு இல்லை, விரிசல். இருநூறு வருடப் பழசு இல்லை, இந்த வாரத்துச் சரக்கு.

நான் வேலையில் இருந்தபோது குழாய் பதிக்க நாங்கள் தோண்டிய குழி சரிந்த கதை உனக்குத் தெரியும். மேலதிகாரி என் பேச்சைக் கேட்கவில்லை என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியை யாரிடமும் சொன்னதில்லை. அந்த விரிசலை நான் காலை ஒன்பது மணிக்கே பார்த்தேன். பதவி உயர்வில் என்னைத் தாண்டி இளையவன் ஒருவனை ஏற்றியதால் அந்த மேலதிகாரியோடு எனக்குப் பேச்சு இல்லை. பக்கத்து அறைதான். எழுந்து போய்ச் சொல்லாமல், உட்கார்ந்து பிழையில்லாமல் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினேன். அவர் அதைப் பிரித்தபோது மணி நாலு. குழி இரண்டரைக்கே சரிந்துவிட்டது. மேஸ்திரிக்கு ஒரு கால் போயிற்று. "மேலே வாங்கப்பா" என்று குழிக்குள் கத்த எவ்வளவு நேரம் ஆகும்? எழுதிக் கொடுத்தாயிற்றே என்று இருந்துவிட்டேன்.

நான் சொன்ன படிப்பை விட்டு இதை எடுத்தாய் என்று பதினொரு மாதமாக உன்னோடு பேசவில்லை. இதையும் அதே வீம்பில்தான் எழுத உட்கார்ந்தேன். இவ்வளவு எழுதிய பிறகுதான் உறைக்கிறது: தபால் வந்துசேர ஒன்பது நாள் ஆகும். நீ குழியின் அடி மட்டத்துக்கு இறங்கப்போவது திங்கட்கிழமை. இன்று சனி.

அதனால் இதை உறையில் போடுமுன் உன்னைக் கூப்பிடப்போகிறேன். அம்மாவின் போனிலிருந்து இல்லை, என் போனிலிருந்து. என் நம்பரைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே, எடு. மண்ணைத் தள்ளிக் கொட்ட வேண்டும், முட்டுக் கொடுக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது, நீ மட்டுமில்லை, உன் சிநேகிதிகளும்தான். பேராசிரியர் கோபித்தால் போனை அவரிடம் கொடு. கோபத்தில் அவர் எனக்குச் சின்னப் பையன்.

நீ நூறு வயது வரை தரைக்கு மேலே நன்றாக இருக்க வேண்டும். போன் மணி அடித்தால் எடு, மறக்காதே.

ஆசிகளுடன்,
உன் அப்பா