புதன்கிழமை வீசுபவரின் சுட்டுவிரல்

ஜூன் 8, வியாழன்

பேஸ்பால் ஆட்டம். எங்கள் ஊர் ஹெரான்ஸ் 4, விருந்தாளி அணி 1. எங்கள் வேட் டோலிவர் ஆறு இன்னிங்ஸ் வீசினார். இடக்கை. வயது முப்பத்தொன்று. கீழ் லீக்குகளில் இது பன்னிரண்டாவது ஆண்டு. பெரிய லீக்கில் ஒரு நாள்கூட ஆடியதில்லை.

பத்திரிகையாளர் அறையில் எல்லாரும் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே இருக்கிறார்கள். பத்திரிகை வேலையில் சேர்ந்து மூன்று மாதமாகியும் அந்தப் பேச்சில் எங்கே நுழைவது என்று எனக்குப் பிடிபடவில்லை. அப்பாவின் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொள்கிறேன். அது இருந்தால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

இன்று அதில் ஒன்று பார்த்தேன். வேட் பந்தைக் கையுறைக்குள் மறைத்துப் பிடிக்கும்போது வலக்கைச் சுட்டுவிரல் மட்டும் கையுறைக்கு வெளியே கிடக்கும். நிறையப் பேர் அப்படித்தான் வைப்பார்கள். ஆனால் இவர் மெதுவான பந்து போடப்போகிறார் என்றால் அந்த விரல் ஒருமுறை நிமிர்ந்து படுக்கிறது. வேகப்பந்துக்கு அசைவதே இல்லை. மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து எண்ணினேன். பதினேழு மெதுவான பந்து, பதினேழு முறை.

நான் ஆட்டத்தை வானொலியில் கேட்டு வளர்ந்தவள். வானொலியில் விரல் கேட்காது. சின்ன வயதிலிருந்து எதையோ தவறவிட்டுவிட்டது போல இருந்தது.

ஜூன் 9, வெள்ளி

ஒரு சேதி. மேலே, பெரிய லீக் அணியில் இடக்கை வீசுபவர் ஒருவருக்கு முழங்கை போய்விட்டது. அடுத்த வாரம் இங்கிருந்து ஒருவரைக் கூப்பிடுவார்கள். வேட், அல்லது கோல்பி ரென்னர். கோல்பிக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு பேரில் ஒருவர்.

வேட்டுக்குக் கிடைக்கட்டும்.

எனக்கு என்ன காரணம்? மே மாதம் முதல்முறையாக வீரர்கள் அறைக்குப் போனேன். நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். அவர்தான் கூப்பிட்டார். “தங்கச்சி, கேள்வி கேக்க வந்தியா, சுவருக்கு முட்டு குடுக்க வந்தியா?” பிறகு அவரே கேள்வியும் கேட்டுப் பதிலும் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

ஜூன் 10, சனி

செவ்வாய் முதல் ஞாயிறு வரை மில்வேல் அணியோடு ஆறு ஆட்டம். தொடரின் முன்னோட்டத்தை இந்த முறை நான் எழுத வேண்டுமாம். எந்த நாள் யார் வீசுகிறார், எதிரே யார் என்று ஆறு பத்தி. இதுவரை வெர்ன்தான் எழுதினார். முப்பது வருடமாக விளையாட்டுப் பக்கம் அவருடையது.

“வெற்றி எத்தனை, தோல்வி எத்தனைன்னு எண்களை யாரு வேணா போடலாம்மா. நீ பாத்ததைப் போடு” என்றார்.

விரலைச் சொன்னேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதை எழுதறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு. அவன் சரின்னா போடு. இல்லேன்னா விட்டுடு.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. மரியாதைக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 11, ஞாயிறு

ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் அறைக் கதவு வரை போனேன். உள்ளே சத்தமாகப் பாட்டு. யாரோ துண்டால் யாரையோ அடித்துத் துரத்திக்கொண்டிருந்தார்கள். வேட் கடைசி மூலையில், தோளில் பனிக்கட்டிப் பையோடு.

எண்ணி நாலு எட்டு.

திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 12, திங்கள்

முன்னோட்டம் அனுப்பியாயிற்று. ஐந்து பத்தி எண்களாகவே இருக்கின்றன. வேட் வீசும் புதன் பத்தி மட்டும் உயிரோடு இருக்கிறது. “மெதுவான பந்துக்கு முன் அவருடைய சுட்டுவிரல் ஒருமுறை நிமிரும், வகுப்பில் பதில் தெரிந்தும் கையைத் தூக்கத் தயங்குகிற பிள்ளையின் விரலைப் போல.” இதை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு காப்பி குடித்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

வெர்ன் தொலைபேசியில் கேட்டார். “அவன்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னான்?”

“சரின்னார்.”

கதவு வரை போனேன் அல்லவா. போனதும் கேட்டதும் ஏறக்குறைய ஒன்றுதானே என்று அந்த நொடியில் தோன்றியது. எப்படித் தோன்றியது?

ஜூன் 13, செவ்வாய்

அம்மா காலையில் பள்ளி உணவுக்கூடத்துக்கு வேலைக்குப் போகும் முன்பே என் பத்தியைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போனது நான் ஒருத்தி. என் பேர் அச்சில் வரும் எதுவும் அவளுக்குப் பட்டம் மாதிரிதான். பேஸ்பால் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. “அந்தப் பிள்ளை விரல், கண்ணுல தெரியுதுடி” என்றாள்.

அப்பா கண்ணாடி ஆலையில் இரவு வேலை முடித்து வந்து, நின்றபடியே படித்தார். ஆலை அணிக்காகப் பதினான்கு வருடம் பந்து வீசியவர். இரண்டாம் முறை படித்தார். தொப்பியைக் கழற்றினார்.

“இதை அவன்கிட்ட சொன்னியா மார்னி?”

“ம்.”

மேற்கொண்டு கேட்கவில்லை. காலுறையைக் கழற்றிக்கொண்டே, “அப்ப சரி. அவன் மாத்திருப்பான்” என்றார்.

மாற்றியிருப்பான். அந்தச் சொல் அப்போதுதான் உள்ளே இறங்கியது. என்ன வரப்போகிறது என்று மட்டையோடு நிற்பவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் மெதுவான பந்துக்கு வேலையே இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எனக்குப் பட்டம் இருக்கிறது.

இன்னும் நேரம் இருந்தது. நாளை மதியம்தான் அவர் ஆட்டம். மாலை மைதானத்தில் அவரை இரண்டு முறை பார்த்தேன். ஒருமுறை கையைக்கூட அசைத்தார். மில்வேல்காரர்கள் உள்ளூர்ப் பத்திரிகையெல்லாம் எங்கே படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 14, புதன்

பள்ளிப் பிள்ளைகள் நாள். மதிய ஆட்டம். மஞ்சள் சட்டை போட்ட நாலாயிரம் பிள்ளைகளின் கூச்சல்.

ஆளைத் தேர்ந்தெடுக்க மேல் அணியிலிருந்து வந்த அதிகாரி மூன்றாவது வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

முதல் மட்டைக்காரர் மெதுவான பந்தைத் தொடவே இல்லை. அது வந்து மண்ணில் விழும்வரை சும்மா நின்றார். அடுத்ததாக வேகப்பந்து, சுவரைத் தாண்டிப் போனது. இரண்டாமவரும் அப்படியே. நான் தொலைநோக்கியை வேட்டிடமிருந்து எடுத்து மட்டைக்காரர்களின் முகத்தில் வைத்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது பந்தை அல்ல. கையுறையின் முதுகை.

பதினொரு மெதுவான பந்து. ஒருவர்கூட ஏமாறவில்லை. ஏழு ஓட்டம். முதல் இன்னிங்ஸே முடியவில்லை. மேனேஜர் நடந்து வந்து கை நீட்டினார், வேட் பந்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார். பிள்ளைகளுக்கு என்ன தெரியும், அதற்கும் கை தட்டினார்கள்.

எழுந்து கத்தியிருக்கலாம். இரண்டாவது ஆள் அடித்தபோதே ஓடிப்போய் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். உட்கார்ந்திருந்தேன். எண்ணிக்கொண்டிருந்தேன். அதைத்தானே நான் செய்வேன், உட்கார்ந்து எண்ணுவேன்—

வெர்ன் மாலையில் என் மேசைக்கு வந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. “அவனே சரின்னுட்டான்ல. தெரிஞ்சும் மாத்தாம விட்டது அவன் பாடு. நீ மனசுல வச்சுக்காதே” என்று ஆறுதல் சொன்னார்.

ஜூன் 15, வியாழன்

காலையில் ஆள் வரும் முன்பே மைதானத்துக்குப் போனேன். விருந்தாளி அணியின் பெஞ்சுக்குப் பின்சுவரில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, என் பத்தி ஒட்டியிருந்தது. விரல் வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். விருந்தாளிகளின் அறையில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாள்தோறும் எங்கள் பத்திரிகையைக் கட்டாகப் போடுவது மரியாதையாம். பராமரிப்பாளர் சொன்னார்.

கிழித்தேன். பாதிதான் வந்தது. பாதி பசையோடு நின்றுவிட்டது.

ஜூன் 16, வெள்ளி

கோல்பி ரென்னர் மேலே போகிறான்.

ஜூன் 18, ஞாயிறு

இன்று கதவில் நிற்கவில்லை. நின்றால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். நேரே கடைசி மூலைக்குப் போய் வேட்டிடம் சொன்னேன். விரலை நான்தான் பார்த்தேன், உங்களிடம் கேட்கச் சொன்னார்கள், கேட்காமலே கேட்டதாகப் பொய் சொன்னேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அவருக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை ஆட்டம் முடிந்ததுமே பந்து பிடிப்பவர் பத்தியைக் காட்டிவிட்டாராம்.

“பன்னண்டு வருசம்” என்றார், தன் விரலையே பார்த்துக்கொண்டு. “எத்தனை பயிற்சியாளரு, எத்தனை கேமரா. இந்த எழவு விரலை ஒருத்தன் பாக்கலை.” சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “இதை மட்டும் நீ போன ஞாயித்துக்கிழமை வந்து என் காதுல சொல்லிருந்தேன்னு வை, உன்னைத் தோள்ல தூக்கிட்டு மைதானத்தைச் சுத்திருப்பேன் தங்கச்சி.”

விரலை மடக்கிக்கொண்டார்.

“நீ கதவுகிட்ட வந்தே. நான் பாத்தேன்.”

“பாத்தீங்களா?”

“நோட்டைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னியே. கூப்பிட வாயெடுத்தேன். கூச்சப்படற புள்ளையை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுதி வைத்துக்கொண்டிருப்பேன்.

ஜூன் 20, செவ்வாய்

வெர்னிடமும் சொல்லிவிட்டேன். வேலை போகும் என்று பையை எடுத்து வைத்துவிட்டுத்தான் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். “புதன்கிழமை உனக்கு ஆறுதல் வேற சொன்னேன்” என்றார். பிறகு, “போய் வேலையைப் பாரு.”

இன்று நான் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார்.

ஜூன் 27, செவ்வாய்

வேட் டோலிவரை அணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தின் அடியில் ஒரு வரிச் செய்தி. அதையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது.

ஜூலை 19, புதன்

ஃப்ரிட்ஜிலிருந்து அந்தத் துண்டை எடுத்துவிடச் சொன்னேன். “ஏன்டி, எவ்வளவு நல்லா எழுதிருக்கே” என்கிறாள் அம்மா. அப்பா வானொலியின் சத்தத்தைக் கூட்டினார். விஷயம் புரிந்தும் அவர் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. துண்டு அங்கேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கோல்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேலே எட்டு ஆட்டம் வீசியிருக்கிறான். எட்டு. வேட்டுக்கு ஒன்றே ஒன்று கிடைத்திருந்தால் போதும்.

செப்டம்பர் 15, வெள்ளி

கோல்பி இன்று வீசினான். மெதுவான பந்துக்கு முன் நாக்கை உள்ளிருந்து இடக் கன்னத்தில் முட்டுகிறான். கன்னம் புடைக்கிறது. இருபத்துமூன்றில் இருபத்துமூன்று.

வேட்டின் இடத்தில் நிற்பவன் இவன் என்று ஒரு நொடி கசந்தது. இதை இங்கே எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 18, திங்கள்

பருவத்தின் கடைசித் தொடர், கடைசி முன்னோட்டம்.

வீரர்கள் யாரும் இல்லாத நாள் என்றாலும் கோல்பி ஓட வருவான் என்று கேள்விப்பட்டேன். வீரர்கள் அறைக் கதவைத் தட்டினேன். சொன்னேன்.

“நாக்கா?” என்றான். கண்ணாடி முன் போய் நின்று கன்னத்தை முட்டிப் பார்த்தான். “அட ச்சே. யாருக்கெல்லாம் தெரியும்க்கா?”

“உனக்கும் எனக்கும்.”

“எழுதப் போறீங்களா?”

இல்லை என்றேன். அவன் இன்னும் கண்ணாடியை விட்டு நகரவில்லை. நான் வந்துவிட்டேன்.

ஆறு பத்தியையும் வெர்ன் வழக்கம்போல விரல் வைத்துப் படித்தார். புதன் பத்தியில் நின்றார். கோல்பி ரென்னர், இடக்கை, வெற்றி ஐந்து, தோல்வி மூன்று.

“இவனைப் பத்தி எண்ணு மட்டும்தானா? நீ ஒண்ணும் பாக்கலையா?”

“பார்த்தேன். அவன்கிட்ட சொல்லிட்டேன்.”

வெர்ன் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே போட்டுக்கொண்டார். பத்தியை அப்படியே அனுப்பினார். மூன்று வரி. படிப்பவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.