ஆனைக்குட்டியை எழுப்பிய தப்பு

புந்தோங், ஈப்போ
20.10.1983

அன்பு மகள் தவமணிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கு எல்லாரும் சுகம், லண்டன் குளிரில் நீயும் இருமல் இல்லாமல் இருக்க மாரியாத்தாள் துணை. நர்சுப் பரீட்சையில் நீ பாஸான கடிதத்தை அப்பா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோப்பிக்கடை முழுக்கக் காட்டிவிட்டார். இனி எழுதப்போவதை நிதானமாகப் படி, வேறு யார் வாயிலிருந்தும் உனக்கு இது வரக் கூடாது.

கோயில் மண்டபத்தில் நான் நடத்தும் பாலர் பள்ளியில் இந்த வருடம் இருபத்திரண்டு வாலுகள், சரஸ்வதி பூசைக்கு வைக்கும் வாத்தியங்கள், இது மிருதங்கம் இது புல்லாங்குழல் என்று படத்தைக் காட்டினால் ஒன்று கொட்டாவி விடுகிறது ஒன்று சிலேட்டைக் கடிக்கிறது, சரி போ என்று கதையாகவே சொன்னேன். தூங்குமூஞ்சி ஆனைக்குட்டி ஒன்று, புல்லாங்குழல் கூப்பிட்டால் இன்னும் சுகமாகத் தூங்கியது, உடுக்கை கூப்பிட்டால் கிச்சுக்கிச்சு மூட்டியது போலச் சிரித்துவிட்டு மறுபடி படுத்தது. பிறகு எதுதான் எழுப்பும் என்று பிள்ளைகள் பிடுங்கி எடுக்க, நம் அலமாரி மேல் கோணியில் கட்டிக் கிடந்ததை மறுநாள் எடுத்துப் போனேன், பழைய சல்லடை என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தேனே, அது தப்பு. காகிதம் கொளுத்திப் பறைத்தோலைக் காய்ச்சி, தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்ட அடிப்பார்களே அந்த அடி அடித்தேன், இருபத்திரண்டும் ஆனைக்குட்டியாகித் துள்ளி எழுந்தன.

அன்று சாயங்காலமே பஸ் டிரைவர் சன்னாசி மோட்டார் சைக்கிள் தொப்பியைக் கூடக் கழற்றாமல் வந்து நின்றான். டீச்சர் எங்களுக்குத் தப்பு சொல்லிக் குடுத்தாங்க என்று அவன் மகன் வீட்டில் சொல்லியிருக்கிறான், இந்த வயசிலேயே தப்பு சொல்லிக் குடுத்தா புள்ள உருப்படுமா லா என்று கேட்கிறான். தப்பைத் தூக்கிக் காட்டினேன், தரையில் உட்கார்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு ஊர் சுற்றி மண்டபத் தலைவர் அர்ச்சுனன் காதுக்குப் போனது. சாவு வீட்டுச் சாமானைச் சரஸ்வதி முன்னால் வைக்க விடமாட்டேன், பூசைக்குள் எடுத்துவிடு, இல்லை மண்டபச் சாவியைக் கொடு என்றார். கதையில் வந்ததெல்லாம் பூசைக்கு வரும், ஒன்றை மட்டும் வெளியே நிறுத்தினால் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அதற்கு நீங்கள் வந்து பதில் சொல்லுங்கள் என்றேன். பெற்றவர்கள் எல்லாரும் பார்த்திருக்க, இது யார் வீட்டுத் தப்பு என்று கேட்டார்.

"எங்கப்பா அடிச்சது. அவரு மவதான் நான்."

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தாத்தா கங்காணி என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன், அது பொய் அம்மா. நீ பிறக்குமுன்பே அவர் போய்விட்டதால் சொல்வதும் சுலபமாயிருந்தது. கங்காணி வீட்டுப் படியேற அவரை விட்டதில்லை. இந்த ஊருக்கு வந்து பதினொரு வருடம், உன் கல்யாணத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்னைப் பெண் கேட்ட குனோங் ராபாட் சம்பந்தக்காரர்கள் இந்த வாரம் ஆளைக் கூட அனுப்பவில்லை, போனால் போகட்டும். உன்னைக் கேட்காமல் உன் காரியத்தில் கைவைத்தது மட்டும் மனதை அறுக்கிறது, திட்ட வேண்டுமானால் திட்டி எழுது, நான் சொன்னதை மட்டும் மாற்றச் சொல்லாதே.

திங்கட்கிழமை நம் வீட்டு முன்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். ஒன்பது மணி வரை ஈ காக்கை இல்லை. பிறகு சன்னாசி மகனைக் கொண்டுவந்து விட்டான், அவனோடு ஆறு. இன்று ஒன்பது பிள்ளைகள். ஒன்றே வந்தாலும் கதை நடக்கும்.

காலில் கம்பளி உறை போடாமல் டூட்டிக்குப் போகாதே, தைலம் பார்சலில் வருகிறது. உன்னோடு வேலை செய்யும் ஈப்போப் பிள்ளைகளுக்கும் சேதி வந்திருக்கும். கேட்டால் தலையைக் குனியாதே, தாத்தா யாரென்று நீயே சொல். நோய் நொடியில்லாமல் நூறு வயது இரு என் தங்கமே. கோபமாயிருந்தாலும் பதில் போடு.

இப்படிக்கு,
தப்புக்காரர் இராமசாமி மகள்,
உன் அம்மா நல்லம்மாள்