கருப்பட்டியம்மன் கொப்பும் என் இடது மணிக்கட்டும்

உடன்குடி
திங்கட்கிழமை

அன்பு மகன் லிங்கராஜுக்கு அப்பா எழுதுவது, இங்கே நானும் உன் அம்மாவும் கடையும் சௌக்கியம், என் இடது மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் கோபத்தில் இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் அந்த நியூசிலாந்துக் குளிரில் சுகமாக இருக்கிறீர்களா. நேற்று நீ போனில் சொன்ன விஷயம் கேட்டதிலிருந்து எங்கள் இருவருக்கும் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கூரை மேல் சாய்ந்து நிற்கிற பைன் மரத்தை வெட்ட அந்த ஊர் கான்ட்ராக்டர் மூன்று வாரம் கழித்துத்தான் வருவாராம், அதனால் வருகிற சனிக்கிழமை நீயே மெஷின் ரம்பத்தை வாடகைக்கு எடுத்து ஏணி போட்டு ஏறப் போகிறாயாம். வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, நம்ம பரம்பரையே மரம் ஏறுன பரம்பரைதானப்பா என்று சிரித்தாய். பனை ஏறியவர்கள் தொழில் தெரிந்து ஏறினார்கள் மகனே, நீயும் நானும் இதுவரை ஏறியது கடைப் படிக்கட்டு மட்டும்தான். போனில் எது சொன்னாலும் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், முழுவதும் வாசி. ஒரு கையில் மாவுக்கட்டு இருப்பதால் தாளை உன் அம்மாதான் பிடித்துக்கொண்டிருக்கிறாள், ஆகவே ஒவ்வொரு வரியையும் வாசித்து உச்சுக்கொட்டிக்கொண்டும் இருக்கிறாள்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் கருப்பட்டிக் குடோன் மேல் சாய்ந்திருந்த வேப்பமரத்துக் கொப்பு உனக்குத் தெரியும். ஐப்பசி மழைக்கு அது முறிந்து கூரை ஓட்டை உடைத்தால் உள்ளே சிப்பம் சிப்பமாகக் கட்டி வைத்திருக்கும் கருப்பட்டியெல்லாம் பாகாக ஓடிவிடும் என்று பயந்து, மரம் வெட்டும் ஞானையாவை வரச் சொன்னேன். அவர் வந்து மரத்தை ஒரு தடவை பார்த்தார், தரையைப் பத்து தடவை பார்த்தார், கரண்டு கம்பி எங்கே போகிறது, அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று சுற்றிச் சுற்றி வந்தார். மரம் மேலே அல்லவா இருக்கிறது என்று கேட்டேன். வெட்டுத தடி கீழதான அண்ணாச்சி விழும், அதான் கீழ பாக்கேன் என்றார். போகும்போது, நாளக்கழிச்சு வாரேன், வெட்ட வேண்டிய கொப்புல ஏதாவது அடையாளம் கட்டி வைங்க என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் கடையில் மிச்சம் கிடந்த, நம் கடைப் பெயர் போட்ட மஞ்சப்பை ஒன்றைக் கிழித்துக் கட்டி வைத்தேன். இதில் என்ன தப்பு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, உன் அம்மா மட்டும், வேப்பமரத்துல மஞ்சத் துணி கட்டுனா என்ன ஆவும்னு சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமே என்கிறாள்.

மறுநாள் காலையில் அடுத்த வீட்டுச் சந்தனமாரி அத்தை மரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து விளக்கும் ஏற்றிவிட்டாள். நம் கடைப் பெயரில் கருப்பட்டி என்ற எழுத்து மட்டும் அந்தத் துணியில் தெரிந்ததால் சாயங்காலத்துக்குள் கருப்பட்டியம்மன் என்று பெயரும் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழ மாலை, செவ்வாய்க்கிழமை பொங்கல். கும்பிட வருகிறவர்கள் நம் கடையிலேயே கருப்பட்டி வாங்கிப் படைத்தார்கள், அதனால் உன் அம்மா அந்தச் சாமியைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. ஞானையா வந்து பார்த்துவிட்டு, நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரன் அண்ணாச்சி, இதுல கை வச்சா நாளைக்கு ஊருல ஒருத்தன் தும்முனாக்கூட என்னயத்தான் சொல்லுவாவ, ஆளுகட்ட பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் நீங்க ஏறிராதிய என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கடைசியாகச் சொன்ன சொல்லைத்தான் நான் கேட்கவில்லை. மழை மேகம் கூடிக்கொண்டே வந்தது, அடுத்த செவ்வாய் பெண்கள் வருவதற்கு முன்னால் விடியற்காலையில் கைரம்பத்தோடு ஏணி போட்டு ஏறினேன். ஏணியைச் சாத்தியது வெட்டப் போகிற அதே கொப்பில், இதை நீ நன்றாகக் கவனி. நுனியை அறுத்ததும் பாரம் குறைந்து கொப்பு ஒரு முழம் மேலே எழும்பியது, சாய்ந்திருந்த ஏணி பிடிப்பில்லாமல் போய், என் மணிக்கட்டில் ஓர் அடி கொடுத்துவிட்டுக் கீழே படுத்துக்கொண்டது. நான் கொப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதன் மேல் குப்புறக் கிடக்கிறேன், வேட்டி ஒரு மரத்து முண்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அந்த நேரம் பார்த்துப் பொங்கல் பானையோடு பெண்கள் வந்துவிட்டார்கள். எனக்கு அருள் வந்திருப்பதாக நினைத்துக் குலவை போட்டார்கள். அவர்களில் தங்கத்தாய் முன்னால் வந்து, சாமி எம் மவளுக்கு எப்ப கல்யாணம் ஆவும் என்று கேட்டாள். ஏளா, மொதல்ல அந்த ஏணிய எடுத்து வை என்று கத்தினேன். அவள் அதையே வாக்காக எடுத்துக்கொண்டு, ஏணி இருக்கிற வீட்டு மாப்பிள்ளையாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். யாரோ போய்ச் சொல்லி, முக்கால் மணி நேரம் கழித்து ஞானையா வந்து பெல்ட் மாட்டி என்னை இறக்கினார்.

பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். சாமியிடம் பூக்கட்டிக் கேட்டோம், சந்தனமாரி அத்தை எடுத்த பொட்டலத்தில் சம்மதத்துக்கான வெள்ளைப் பூ வந்தது, அடிமரத்துத் தூர் அம்மனுக்கு, கொப்பு நமக்கு என்று ஒத்துக்கொண்டார்கள். ஞானையா கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, கொப்பைத் துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கினார், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது, ஒரு ஓடு உடையவில்லை. ஆனால் விறகு யாருக்கு என்று முன்னால் பேசாததால் எனக்கும் அவருக்கும் ஒரு நாள் முழுக்கச் சண்டை. ஆகவே நீ ஆளைப் பிடித்தாலும் எல்லாவற்றையும் எழுதி வாங்கு, எந்தக் கொப்பு, தூரைத் தோண்டுவது யார், தடியும் தூளும் யாருக்கு, பக்கத்து வேலி உடைந்தால் யார் பொறுப்பு என்று. இன்சூரன்ஸ் காகிதத்தைக் கண்ணால் பார். அவர் ஹெல்மெட்டையும் பார், புத்தம் புதிதாக இருந்தால் ஆளும் தொழிலுக்குப் புதுசு. தரையில் கிடக்கும் சின்னக் கொப்புகளை நீ அறுக்க ஆசைப்பட்டால் அறு, ஆனால் கண்ணாடி மாட்டு, சங்கிலி தொய்வாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள், மெஷினைத் தோளுக்கு மேலே தூக்காதே, ஏணியில் நின்று ஒருநாளும் அதை முடுக்காதே. மூன்று வாரம் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது, அதுவரை மரம் சாய்ந்திருக்கிற பக்கத்து அறையில் பேத்தியைப் படுக்க வைக்க வேண்டாம்.

இப்போது பால் பொங்குகிறது என்று அம்மா எழுந்து போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் ஒன்றை எழுதிவிடுகிறேன். நான் கொப்பில் கிடந்தபோது அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து எனக்கு நேர் கீழே நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள், விழுந்தால் பிடிப்பதற்கு. நான் எழுபத்திரண்டு கிலோ, அவள் நாற்பத்தெட்டு. தள்ளிப் போளா, நான் விழுந்தா நீ செத்துருவ என்று எத்தனை தடவை சொன்னேன். விழுந்தா சேந்தே விழுவோம், பேசாம கெடங்க என்றாள், ஞானையா வரும்வரை கையை மடக்கவே இல்லை. நான் பயந்தேன் மகனே, எனக்காக அல்ல. நீ ஏறினால் உனக்குக் கீழே உன் பெண்டாட்டி அப்படித்தான் நிற்பாள், இடுப்பில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு.

எல்லோரும் நோய் நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க திருச்செந்தூர் முருகனையும், நம் வீட்டுப் பின்னால் குடிவந்திருக்கிற அம்மனையும் வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் இன்றைக்கே அந்த வாடகைக் கடைக்காரரிடம் மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிடு. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்பு, மரம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, உன் இரண்டு காலும் தரையில் இருப்பது தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவசுப்பிரமணியன்