வீடு வந்து சேர வேண்டியவர்கள்

மாமி,

அச்சகத்திலிருந்து வந்த தாளில் மை இன்னும் மணக்கிறது. உங்களுடைய முப்பத்தோராம் நாள் பூசைக்கான அழைப்பு. மேலே உங்கள் படம். பேத்தியின் புதுநன்மைப் பூசை அன்று என் பகிடித் தொல்லை தாங்காமல் நீங்கள் சிரித்துவிட்ட அந்த ஒரே படம். கீழே பிள்ளைகளின் பெயர்கள். மூத்தவர் மேரி, கனடா. கடைசி றீற்றா, என் மனுசி. நடுவில் உங்கள் ஒரே மகன். அங்கேதான் கண் நின்றது. "காலஞ்சென்ற யூட்" என்று அச்சடித்திருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். எதையும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அந்தச் சொல்லைக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர் மதிலெல்லாம் அதுதானே ஒட்டிக் கிடக்கிறது. நீங்கள் போன அன்று ஒட்டிய மரண நோட்டீசில் அவசரத்தைச் சாட்டி, "பிள்ளைகள்" என்று மட்டும் போட்டுத் தப்பினோம். இந்த முறை தப்ப வழியில்லை.

நாலு மணிக்குள் திருத்தித் தராவிட்டால் இருக்கிறபடியே அடித்துவிடுவேன் என்று அச்சகக்காரர் சொல்லியிருக்கிறார். இப்போது இரண்டு. தாளைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போன றீற்றா வெளியே வரவில்லை. அடுப்பில் ஒன்றுமில்லை. சட்டிகள் உருளும் சத்தம் மட்டும் கேட்கிறது.

யார் போடச் சொன்னது என்று கேட்பீர்கள். சொன்னது பெரியக்கா மேரி. தலையாட்டியது நான்.

போன கிழமை கனடாவிலிருந்து போன் எடுத்தார். "தம்பி, அம்மா இருக்குமட்டும் நான் வாய் திறக்கேல்லை. தம்பியைக் கொண்டுபோய்ப் பதினைஞ்சு வருசத்துக்கு மேலையாச்சு. அவன்ரை ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்குடுத்தமே? ஒரு மெழுகுதிரி கொளுத்தினமே? அம்மாவோடை சேத்து அவனுக்கும் ஒப்புக்குடுப்பம். அச்சகத்துக்கு நானே சொல்லட்டோ?"

அழுகிறார் என்று தெரிந்தது. யாரும் அழுதால் எனக்குப் பகிடிதான் வரும், உங்களுக்குத் தெரியாததா? "நீங்கள் கனடா அரசாங்கம் அக்கா. வள்ளக்காரர் நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?" என்றேன். அதை அவர் ஓம் என்ற சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

நீங்களென்றால் விட்டிருக்க மாட்டீர்கள். "பகிடி விடு, நான் வேண்டாமெண்டேல்லை. பதில் சொல்லவேண்டிய இடத்திலை பதில் சொல்லு" என்று எத்தனை தரம் எனக்குச் சொல்லியிருப்பீர்கள்!

உங்களுக்குப் பயப்படாத சுவாமி ஒருவரும் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பூசை வைக்க வந்ததில்லை. பீடத்துச் சீலைகளைத் தோய்த்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் நீங்கள் கொண்டுவந்து வைக்கும்வரை பூசை தொடங்காது. செபமாலையை நீங்கள் தொடக்கினால் ஊரே மூச்சு விடாமல் முடிக்க வேண்டும். "கொஞ்சம் மெதுவா மாமி, மாதாவுக்கே இளைக்குது" என்றேன் ஒருநாள். "மாதா உன்னைப்போலை சோம்பேறியில்லை" என்றுவிட்டு அடுத்த மணிக்குப் போய்விட்டீர்கள். நவம்பர் மாதப் பூசைக்கு மரித்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்கும்போது மட்டும் உங்கள் கை ஆறுதலாக, மெதுவாகப் போகும். தாய், தகப்பன், உங்கள் மனுசன். அதோடு நிற்கும். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஆமிக்காரர் ஏற்றிக்கொண்டு போய் இன்னும் திரும்பாத மகனின் பெயர் அங்கே வந்ததேயில்லை. அதை நீங்கள் வேறொரு துண்டுத்தாளில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று றீற்றா சொல்லியிருக்கிறாள். நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்தது அந்தக் கோயில் மணிக் கயிறுதான்.

எஞ்சின் நின்று, நானும் என்னோடு வந்தவனும் கடலில் இழுபட்ட அந்த மூன்று நாள். தேடி வந்த வள்ளங்கள் எங்களைக் காணாமல் திரும்பிவிட்டன. மூன்றாம் நாள் காலை கரையிலிருந்து நாலு பேர் உங்களிடம் வந்தார்கள். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் கோயில் மணி விட்டு விட்டு அடிக்கும். அது அடித்த பிறகுதான் செத்த வீட்டுச் செபம் தொடங்கும். "இனியும் பொறுக்கேலாது அக்கா. மணியை அடிப்பம்" என்றார்களாம்.

நீங்கள் நேரே கோயிலுக்கு நடந்தீர்களாம். கயிற்றைக் கையில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு மணிக்கோபுரத்தடியில் குந்திவிட்டீர்களாம்.

"உடம்பைக் காட்டு. பிறகு அடி."

சுவாமி வந்து கெஞ்சினார். "கையை விடுங்கோ அம்மா, இரத்தம் கட்டுது."

"நீங்கள் போய் உங்கடை அலுவலைப் பாருங்கோ சுவாமி."

வெயில் ஏறியது. வயிற்றில் பிள்ளையோடு றீற்றா பக்கத்தில் இருந்தாள். விடுங்கோ அம்மா என்று ஒரு கட்டத்தில் அவளுக்கே வாய் வரைக்கும் வந்ததாம். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீலைத் தலைப்பால் உங்களுக்கு வெயில் மறைத்தாளாம். மத்தியானம் திரும்பிய பிறகு, பருத்தித்துறை வள்ளமொன்று எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தது.

உதடு வெடித்து, இரண்டு பேர் தாங்கிக் கோயிலடிக்குக் கொண்டுவந்த நான், உங்களிடம் முதலில் சொன்னது இதுதான்: "என்ன மாமி, மணியை அடிக்க விட்டிருந்தா என்ரை பேரிலை சனம் ஒரு நல்ல சோறு திண்டிருக்குமே!"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கயிற்று நுனியால் என் தோளில் ஒன்று போட்டீர்கள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னீர்கள். "உன்னை விட்டுக்குடுத்தா அவனையும் விட்டுக்குடுக்கோணும், தம்பி."

என் வாயை அடைத்த ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அதுவும் அந்த ஒரு தரம்தான்.

இரண்டரைக்கு உங்கள் செபப் புத்தகத்தை எடுத்துத் திறந்தேன். உள்ளே றீற்றா சொன்ன அந்தத் துண்டு இருந்தது. மேலே உங்கள் கோணல் எழுத்தில், "வீடு வந்து சேர வேண்டியவர்கள்." முதல் வரியில் யூட். அதன் கீழே என் பெயர், குறுக்கே ஒரு வெட்டு. அதற்குக் கீழேயும் என் பெயர், வெட்டு. நான் கடலுக்குப் போகும்போதெல்லாம் எழுதி, கரை வந்ததும் வெட்டியிருக்கிறீர்கள். தாளின் அடிவரைக்கும் நான். பின்பக்கமும் நான்தான். மருமகனை இத்தனை தரம் வெட்டிய மாமியார் இந்த யாழ்ப்பாணத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். வெட்டாமல் கிடந்தது ஒரே ஒரு பெயர்.

பெரியக்காவுக்கு எடுத்தேன். அங்கே இன்னும் விடிந்திருக்கவில்லை.

"அக்கா, நான் பகிடி விட்டது பிழை. அந்தச் சொல்லை எடுக்கப் போறன்."

"அப்ப அவனுக்குச் செபம்?"

"அம்மா ஒருநாளும் விடேல்லை அக்கா. செத்தவனெண்டு செபிக்கேல்லை, அவ்வளவுதான்."

துண்டை எழுத்துக் கூட்டி வாசித்தேன். என் பெயர் வந்த ஒவ்வொரு தரமும் விடாமல் வாசித்தேன். பாதியில் அக்கா சிரித்தார். பிறகு அழுதார்.

"அம்மா போயிட்டா. இனி ஆர் கயித்தைப் பிடிக்கிறது தம்பி?"

நாக்கு நுனிக்கு ஒரு பகிடி வந்தது மாமி. விழுங்கிவிட்டேன். "நான் பிடிக்கிறன்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"தெரியாதக்கா."

"எனக்கு உங்களைப்போலை ஏலாது. நான் இஞ்சை அவனுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தத்தான் போறன்."

"கொளுத்துங்கோ. வெளிச்சம்தானே, அவன் எங்கை நிண்டாலும் தெரியட்டும்."

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அச்சகக்காரர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அப்ப இவருக்கு என்ன போடுறது? தமக்கைக்குக் கனடா எண்டு கிடக்கு."

"பேரை மட்டும் போடுங்கோ."

"சனம் கேக்குமே, ஆள் எங்கையெண்டு."

"கேக்கிற ஆக்களை என்னட்டை அனுப்புங்கோ."

திருத்திய தாளை றீற்றாவிடம் நீட்டினேன். அந்தச் சொல் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "தேத்தண்ணி போடட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

உங்கள் துண்டில் இனி இடமில்லை. மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, நீங்கள் எழுதியதையே மேலே எழுதினேன். எத்தனை எழுத்துப் பிழையோ, அங்கேயிருந்து திருத்திக்கொள்ளுங்கள். முதல் வரியில் யூட். நாளைக் காலை நான் கடலுக்குப் போகிறேன். காற்றுக் கொஞ்சம் பிழையாம். அதனால் இரண்டாம் வரியில் என் பெயரையும் எழுதி, பேனையை றீற்றாவிடம் கொடுத்திருக்கிறேன். நான் வந்ததும் வெட்டுவதற்கு.