காலை வெளிச்சம் நிறைந்த வீடு

ஏப்ரல் 22, செவ்வாய்

நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக நீச்சல் குளத்தில் இறங்கினேன். இறங்கினேன் என்பதுகூடப் பெருமைக்குச் சொல்வது. இரண்டாவது படியில் நின்று, கம்பியைப் பிடித்தபடி இரண்டு மணி நேரத்தை ஓட்டினேன். "கம்பியை விடுங்க மேடம், அது எங்கயும் போயிடாது" என்றாள் பயிற்சி தரும் பெண். கம்பி போகாது, நான் போய்விடுவேனே!

எல்லாம் குட்டியின் ஏற்பாடு. தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது, எனக்கு இன்னும் குட்டிதான். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்ட மறுநாளே வந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். செவ்வாய் நீச்சல், வியாழன் போட்டோ, சனி மண்பாண்டம். மூன்றும் காலை பத்து முதல் பன்னிரண்டு. மூன்றுக்கும் அவளே பணம் கட்டிவிட்டாள். "இருபது வருஷமா லேப்ல பாட்டில் கழுவுற. லீவு விட்டா வீட்ல பாத்திரம் கழுவுற. இந்த வருஷமாவது உனக்குன்னு ஏதாவது பண்ணுக்கா."

நான் பாட்டில் மட்டும் கழுவுவதில்லை. எந்த அமிலத்தை எந்த அலமாரியில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், தலைமையாசிரியருக்குத் தெரியாது. ஆனாலும் அவள் சொன்னபோது அழுதுவிட்டேன். எனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யார் யோசித்தார்கள்?

ஏப்ரல் 24, வியாழன்

போட்டோ வகுப்பில் ஒன்பது பேர். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். முதல் நாளே எல்லோருக்கும் டிரைவர் அண்ணன் ஆகிவிட்டார். "முப்பது வருஷம் முன்கண்ணாடி வழியா பார்த்தேன், ஒண்ணையும் நின்னு பார்க்கலம்மா" என்றார். காமிரா குட்டியின் வீட்டுக்காரருடையது. அவர் வீட்டில் சும்மா கிடந்ததாம்.

மாஸ்டர் தந்த வீட்டுப்பாடம்: ஃப்ளாஷ் போடாமல், வீட்டுக்குள் வருகிற வெளிச்சத்தை மட்டும் வைத்து எடுக்க வேண்டும்.

ஏப்ரல் 26, சனி

குவளை செய்யச் சொன்னார்கள். சாம்பல் கிண்ணம் வந்தது. எங்கள் பரம்பரையில் புகைப்பவரே கிடையாது.

மே 8, வியாழன்

இன்று என் படத்தைத் திரையில் போட்டார் மாஸ்டர்! சமையலறை ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்த டம்ளர், அதன்மேல் காலை எட்டு மணி வெயில். அவ்வளவுதான் படம். "இவங்க வெளிச்சத்துக்காகக் காத்திருந்திருக்காங்க" என்றார். உண்மையில் பால் பொங்குவதற்காகக் காத்திருந்தேன். சொல்லவில்லை.

சாயங்காலம் குட்டியிடம் காட்டினேன். உடனே அனுப்பச் சொன்னாள். "சூப்பர்க்கா. எல்லா ரூமையும் இப்படி எடேன். கொஞ்சம் தள்ளி நின்னு எடு, ரெண்டு மூலையும் தெரியணும். அந்தத் துணிக்கொடி வேண்டாம், செருப்பை நகர்த்திடு." இவளுக்கு எப்போது இந்தக் கலை ரசனை வந்தது? ஆனால் ஒரு ஆள் கேட்டு நான் படம் எடுப்பது என்றால் சும்மாவா! ஸ்டூல் போட்டு ஏறி நின்று எடுத்தேன்.

மே 10, சனி

மண்பாண்டத்தை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன் என்றேன். குட்டி பதறிவிட்டாள். "பாதியில விடாதேக்கா, எனக்காகப் போ." சரி, இவள் ஆசைக்காக இன்னும் நாலு சாம்பல் கிண்ணம் செய்துவிட்டுப் போகிறேன்.

மே 13, செவ்வாய்

குளத்தில் தண்ணீர் மாற்றுகிறார்களாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்தரைக்கே வீடு வந்தால் கதவு திறந்திருக்கிறது, உள்ளே குட்டி. தரை துடைத்து, திரைச்சீலை துவைத்து மாட்டி, காலமான அம்மாவின் அறைச் சுவரில் ஓதம் ஏறிய இடத்தை மறைத்துப் பீரோவை நகர்த்தி வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. கையில் இருந்த போனில், "இன்னிக்கு வேண்டாம், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்தாள்.

"உனக்குத் தெரியாம செய்யலாம்னு வந்தேன்க்கா, கெடுத்துட்டியே."

தனியாகப் பீரோவைத் தள்ளியிருக்கிறாள், இடுப்பு வலிக்காரி. திட்டிக்கொண்டே தைலம் தடவிவிட்டேன்.

மே 20, செவ்வாய்

மிதந்தேன். எண்ணி ஏழு நொடி. தலை துவட்டும் முன் குட்டிக்குத்தான் போன் செய்தேன்.

மே 22, வியாழன்

பஸ்சிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும். வரட்டும், படிக்கப்போவது நான்தானே.

வகுப்பு இடைவேளையில் டிரைவர் அண்ணன் செல்போனை நீட்டினார். மகளுக்கு வீடு தேடுகிறார். "இதப் பாரும்மா, மாஸ்டர் பாராட்டினாரே, உன் டம்ளர் படம். அத எவனோ திருடி வீட்டு விளம்பரத்துல போட்டிருக்கான். சும்மா விடாதே."

என் ஜன்னல். என் டம்ளர். அடுத்த படம் கூடம். அடுத்தது அம்மா அறை, துணிக்கொடி இல்லாமல், இரண்டு மூலையும் தெரிய. எல்லாம் நான் ஸ்டூல் மேல் நின்று எடுத்தவை. கீழே எழுதியிருந்தது: "காலை வெளிச்சம் நிறைந்த வீடு விற்பனைக்கு. உடனே குடியேறலாம். நேரில் பார்க்க: செவ்வாய், வியாழன், சனி, காலை 10 முதல் 12 வரை." தொடர்புக்குக் குட்டியின் எண்.

செவ்வாய், வியாழன், சனி. பத்து முதல் பன்னிரண்டு.

மூன்று முறை படித்தேன். நீச்சலும் போட்டோவும் மண்ணும் எனக்காக இல்லை. நான் வீட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடுங்கிய நேரத்தில் யார் யாரோ என் சமையலறையில் நின்று குழாயைத் திருகிப் பார்த்திருக்கிறார்கள். என் கட்டிலைப் பார்த்திருக்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! "உனக்குன்னு ஏதாவது பண்ணுக்கா." ஐயோ, அதற்கு அழவேறு செய்தேனே நான்.

உடனே குடியேறலாமாமே. அப்ப நான் யாருடி? நான் இங்கதானே இருக்கேன்?

"யாரு திருடினான்னு தெரியுமாம்மா?" என்றார் டிரைவர் அண்ணன். தெரியும் என்று தலையாட்டினேன்.

மே 23, வெள்ளி

குட்டி இரண்டு முறை கூப்பிட்டாள். எடுத்து சாதாரணமாகப் பேசினேன். எனக்கும் நடிக்க வருகிறது.

மே 24, சனி

மண்பாண்டத்துக்குப் போகவில்லை. செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். பத்து ஐந்துக்குப் பூட்டில் சாவி திரும்பியது. அம்மா முடியாமல் கிடந்தபோது அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நான் செய்து கொடுத்த சாவி.

குட்டி, அவள் பின்னால் ஒரு தரகர், ஒரு கணவன் மனைவி. "எங்க அக்கா மட்டும்தான் இருக்காங்க. அவங்க எங்ககூட வந்துடுவாங்க. பிரச்சனையே இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைக்காரக் குரல். எனக்குத் தெரியாத குரல் ஒன்று அவளிடம் இருந்திருக்கிறது.

எழுந்து கூடத்துக்கு வந்தேன். "வாங்க, உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

குட்டியின் கையில் இருந்த சாவி கீழே விழுந்தது. அந்த அம்மாள் குழம்பி, "நீங்க?" என்றார்.

"பிரச்சனையே இல்லாத அக்கா" என்றேன். "அந்த ரூம்ல பீரோவைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்க, சுவர் ஓதம் எடுத்திருக்கு. மழைக்காலத்துல பூசணம் பூக்கும். வீடு வாங்குறவங்க தெரிஞ்சுட்டு வாங்கணும் இல்லையா?"

தரகர்தான் முதலில் வெளியேறினார். அவர்களும் போனபிறகு குட்டி சோபாவில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை மாறிவிட்டதாம், அங்கே வீடு பார்த்துவிட்டார்களாம், இந்த வீட்டில் தன் பாதியும் இருக்கிறதே என்றாள்.

"இருக்கு. அம்மா ரெண்டு பேர் பேர்லதான் எழுதினாங்க. நான் இல்லேன்னு சொன்னேனா?"

"கேட்டா நீ முடியாதுன்னுதான் சொல்லுவே."

"கேட்டியா?"

சோபா உறையை நீவினாள். "ஆள் அமைஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். எல்லாம் முடிவான அப்புறம் சொன்னா நீ ஒத்துப்பேன்னு..." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ சந்தோஷமாத்தானேக்கா இருந்தே? மிதந்தேன்னு குதிச்சியே. அது பொய்யா?"

அதற்குத்தான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத விருப்பமில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது. போகும்போது கீழே கிடந்த சாவியை எடுக்கக் குனிந்தாள். "அது இருக்கட்டும்" என்றேன்.

மே 25, ஞாயிறு

நேற்று பூராவும் யோசித்தேன். கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன்?

சண்டை போட்டிருப்பேன். அம்மாவை இழுத்திருப்பேன், அவள் கல்யாணத்தை இழுத்திருப்பேன். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். எட்டாம் நாள் நானே போன் செய்து, சரிடி, எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரச் சண்டைக்குச் சோம்பல்பட்டு இத்தனை நாடகமா? கூடவே இருந்து குழி பறிப்பதற்கு இவ்வளவு அக்கறையா?

பொய்யா என்று கேட்டாளே, பொய் இல்லை. அதுதான் வயிறு எரிகிறது. என் வாழ்க்கையில் நல்லா இருந்த ஒரே கோடை இது.

மே 29, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை. காமிராவை அவள் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். வாங்கிக்கொள்ளும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை மனிதர்.

ஜூன் 3, செவ்வாய்

டிரைவர் அண்ணன் போன் செய்தார். முழுக்கதையும் சொன்னேன், யாரிடமாவது சொல்லவேண்டி இருந்தது. குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "ஏம்மா, பணம் கட்டினது அவங்கன்னா, தண்ணியும் அவங்களுதா? போய் நீந்து" என்றார். சிரித்துவிட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து.

போனேன். கோபத்தில் கையைக் காலை அடித்ததில் குளத்தின் குறுக்கே பாதி தூரம் போய்விட்டேன். "இன்னிக்கு என்ன மேடம், புயல்?" என்றாள் பயிற்சிப் பெண்.

ஜூன் 12, வியாழன்

காமிரா இல்லாமல் போட்டோ வகுப்பு. மாஸ்டர் தன்னுடைய பழையது ஒன்றைத் தந்தார். வீட்டுக்குள் எடுக்க மனம் வரவில்லை. தெருவில் எடுத்தேன்: செருப்பு தைப்பவரின் கட்டைவிரல், பஸ்சுக்கு நிற்பவர்களின் முதுகு. "ஏன் யாருக்கும் முகமே இல்லை?" என்றார் மாஸ்டர். பார்த்தால், ஆமாம், ஒரு படத்திலும் இல்லை.

ஜூன் 18, புதன்

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். அதே கணவன் மனைவிதான் வாங்குகிறார்கள். ஓதத்தைச் சொன்ன வீடு என்று நம்பி வந்தார்களாம். குட்டி எதிர் நாற்காலியில் இருந்தாள், இளைத்திருந்தாள். "அக்கா, அங்க உனக்குன்னு ஒரு ரூம் பார்த்து வெச்சிருக்கேன். ஜன்னல் கிழக்கே இருக்கு" என்றாள். உண்மையாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் இனி அவள் எதைச் சொன்னாலும் எதற்காகச் சொல்கிறாள் என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆறு வயது வித்தியாசத்தில் நான் தலை பின்னிவிட்டு வளர்த்த பிள்ளையை அப்படிப் பார்த்துக்கொண்டு ஒரே கூரையின் கீழ் என்னால் இருக்க முடியாது.

"வேண்டாம்" என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. பேசாததால் அவள் அழுதாள்.

ஜூன் 28, சனி

மாடியில் ஒற்றை அறை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். சாமான் ஏற்றி இறக்க டிரைவர் அண்ணன் வந்தார், தானே ஓட்டுவேன் என்று வேன்காரரிடம் சண்டை பிடித்து ஜெயித்தார். குட்டி கிளம்பிப்போய் நாலு நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்துட்டோம் என்று ஒரு செய்தி. சரி என்று பதில் போட்டேன்.

ஜூன் 30, திங்கள்

வெயிலால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பள்ளி இன்றுதான் திறந்தது. வழக்கம்போல முதல் நாள், ஊழியர் விவரப் படிவம். முகவரி மாற்றி எழுதினேன். அடுத்த கட்டம்: அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர். கை தன்பாட்டுக்குக் குட்டியின் எண்ணை எழுதத் தொடங்கி, ஐந்தாவது இலக்கத்தில்தான் நின்றது. அடித்துவிட்டு வராந்தாவுக்குப் போய் டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அவசரத்துக்கு உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோம்மா. என்ன அவசரம்?"

"இன்னும் ஒண்ணும் இல்ல."

"உறவுமுறைன்னு கேப்பானே, என்ன போடுவே?"

"கூடப் படிக்கிறவர்னு போடுறேன்."

அவர் சிரித்த சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அலுவலகத் தலைமை எழுத்தர் படிவத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பழைய கோப்போடு ஒப்பிட்டார். அடித்த இடத்தில் விரலை வைத்தார்.

"என்னம்மா இது? போன வருஷம் தங்கச்சின்னு இருந்துச்சே?"

"இருந்துச்சு சார்" என்றேன்.